பனியாற்றின் அடியில் நீர் என்ன செய்கிறது?

அறிவியல் கேள்வி–பதில்

கிரீன்லாந்தின் பனிவிரிப்பு ஒவ்வொரு கோடையிலும் வேகம் பிடிக்கிறது என்று சென்ற இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் கேட்டிருக்கும் கேள்விகள், அதை நான் அவ்வளவு எளிதாக எழுதிக் கடந்திருக்கக் கூடாது என்பதை உணர்த்தின. ஆகவே இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு, பக்கம் முழுவதையும் பனியாற்றுக்கு அடியில் ஓடும் நீருக்கே கொடுத்துவிட்டேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: பனிக்கட்டி ஒரு திடப்பொருள். அது எப்படி ஆறாக நகரும்? மேலே உறைபனிக்குக் கீழே இருபது முப்பது டிகிரிக் குளிர் நிலவும்போது, அடியில் மட்டும் நீர் எங்கிருந்து வருகிறது?

பதில்: பனியாறு நகர்வதில் இரண்டு செயல்கள் கலந்திருக்கின்றன. முதலாவது, பனிக்கட்டி தன் எடையைத் தானே தாங்க மாட்டாமல் உள்ளுக்குள் மெல்ல நெளிந்து கொடுப்பது. உலையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பு உருகாமலேயே சம்மட்டிக்கு வளைந்து கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். உருகுநிலையை நெருங்கிய படிகப்பொருள் எதுவும் அப்படித்தான் இளகும். பனிக்கட்டியோ பூமியில் எப்போதும் தன் உருகுநிலைக்கு அருகிலேயே வாழ்கிற பொருள். இரண்டாவது, பனித்திரள் முழுவதும் தான் கிடக்கும் பாறைத் தளத்தின் மீது சறுக்குவது. தளம் பாறையாக இல்லாமல் கல்லும் களியும் கலந்த சேறாக இருந்தால், அந்தச் சேறே மிதிபட்டு நழுவுவதும் இதில் அடங்கும். முதலாவது செயல் எல்லாப் பனியாறுகளிலும் உண்டு, ஆனால் நிதானமானது. வேகமும் திடீர் மாற்றங்களும் இரண்டாவதிலிருந்தே வருகின்றன. அது பெரிய அளவில் நடக்க அடித்தளம் உருகுநிலையில் இருக்க வேண்டும்.

இது புதிய கண்டுபிடிப்பல்ல. பனியாறுகள் தம் எடையால் மலைச்சரிவில் சறுக்கி இறங்குகின்றன என்று சுவிட்சர்லாந்தின் இயற்கை ஆய்வாளர் சோஸ்யூர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எழுதினார். 1842இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ், ஆல்ப்ஸ் மலையின் மேர் து கிளாஸ் பனியாற்றில் அளவைக்கருவியை நிறுத்தி, பனிமேல் வைத்த குறிகள் நகர்வதைக் கணக்கிட்டபோது, வெயிலும் மழையும் மிகுந்த நாட்களில் பனியாறு விரைவதைக் கண்டார். நீருக்கும் வேகத்துக்கும் தொடர்பு உண்டு என்ற ஐயம் அப்போதே எழுந்துவிட்டது.

இனி நீரின் ஊற்றுக்கண்கள். பனிக்கட்டி தன்னளவில் நல்ல போர்வை. மேற்பரப்பின் குளிர் கிலோமீட்டர்க் கணக்கான பனியைக் கடந்து அடியை எட்டுவது கடினம். கீழேயிருந்து பூமியின் உள்வெப்பம் ஓயாமல் கசிகிறது. பூமியின் சராசரி வெப்பக் கசிவு முழுவதும் பனியை உருக்குவதற்கே செலவானால் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் பனி உருகும். அற்பமாகத் தோன்றும் இந்த அளவு, பத்து லட்சம் சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் ஆண்டுக்கு 6 கன கிலோமீட்டர் நீராகத் திரண்டுவிடும். இதற்கு மேல் அழுத்தமும் துணை செய்கிறது: ஒரு கிலோமீட்டர்ப் பனியின் சுமைக்கு உருகுநிலை சற்றேறக்குறைய 0.9 டிகிரி செல்சியஸ் இறங்கும் என்பதால், மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டரை டிகிரியிலேயே பனி உருகத் தொடங்கும். பனியாறு சறுக்கத் தொடங்கிவிட்டால் உராய்வு வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. ஆண்டுக்கு நூறு மீட்டர் சறுக்கும் பனியாற்றில் அது பூமியின் வெப்பத்தைவிடப் பல மடங்காக இருக்கக்கூடும். இவை எல்லாவற்றையும் விஞ்சும் ஊற்று, கோடையில் மேற்பரப்பில் உருகி உள்ளே இறங்கும் நீர். ஆல்ப்ஸ், அலாஸ்கா, கிரீன்லாந்தின் ஓரங்கள் ஆகியவற்றில் அடிநீரின் பெரும்பங்கு மேலிருந்து வந்ததுதான்.

கேள்வி: அடியில் உள்ள நீர் இயந்திரத்துக்கு இட்ட எண்ணெய்போல வேலை செய்து பனியை வழுக்கவைக்கிறது என்று படித்தேன். அது சரிதானே?

பதில்: பாதி சரி. அந்த உவமையை நானும் முன்பு பயன்படுத்தியிருக்கிறேன், இப்போது தவிர்க்கிறேன். எண்ணெய் என்று சொன்னவுடனே, நீர் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு வழுக்கல் கூடும் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. பனியாற்றில் அந்தக் கணக்கு அடிக்கடி பொய்த்துப்போகும்.

உருகுநிலையை எட்டிய தளத்தில் பனிக்கும் பாறைக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் எப்போதுமே இருக்கும். அது இருந்தும் பனியாறு தாறுமாறாக ஓடிவிடுவதில்லை. காரணம், பாறைத்தளம் கண்ணாடியைப் போல வழவழப்பானதல்ல, மேடும் பள்ளமுமானது. பனி ஒரு புடைப்பின் மீது மோதும்போது, மோதும் பக்கத்தில் அழுத்தம் கூடிப் பனி உருகுகிறது. அந்த நீர் புடைப்பைச் சுற்றிக்கொண்டு அழுத்தம் குறைந்த மறுபக்கம் போய் மீண்டும் உறைகிறது. விரற்கடை அளவுப் புடைப்புகளைப் பனி இப்படித் தாண்டுகிறது. பல மீட்டர் அளவுள்ள பெரிய புடைப்புகளை நெளிந்து கொடுத்துத் தாண்டுகிறது. இரண்டு உத்திகளுக்கும் எளிதில் வசப்படாத நடுத்தரப் புடைப்புகளே பனியாற்றைப் பிடித்து நிறுத்தும் தடைகள் என்று யோஹானஸ் வீர்ட்மன் 1957இல் எழுதிய கோட்பாடு விளக்கியது.

இந்தத் தடைகளை நீர் எப்படி வெல்கிறது? பனி ஒரு புடைப்பைத் தாண்டி விரையும்போது, புடைப்பின் பின்புறத்தில் பனி உடனே பாறையைத் தொடுவதில்லை. சிறு பொந்து ஒன்று உண்டாகிறது. அந்தப் பொந்தில் நீர் நிறைந்து, அதன் அழுத்தம் ஏறினால், பொந்து பெருத்துப் பனியைப் பாறையிலிருந்து தூக்குகிறது. பனி பாறையைத் தொடும் பரப்புச் சுருங்குகிறது; சிறு புடைப்புகள் நீருக்குள் மூழ்கித் தடை என்ற தகுதியையே இழக்கின்றன. நீர் இங்கே மசகாக இருப்பதைவிடத் தூக்கும் தூணாகவே அதிகம் வேலை செய்கிறது.

எண்களில் பார்த்தால் விளங்கும். 1,000 மீட்டர்ப் பனி தன் தளத்தின் மீது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 90 மடங்கு சுமத்துகிறது. பனியின் அடர்த்தி நீரைவிடக் குறைவு என்பதால், அந்தப் பனியில் துளைத்த ஒரு துளையில் நீர் 900 மீட்டருக்குச் சற்று மேல் உயரம் நின்றாலே அடியில் அது தரும் அழுத்தம் பனியின் சுமைக்குச் சமமாகிவிடும். பனியின் சுமையிலிருந்து நீரின் அழுத்தத்தைக் கழித்தால் வருகிற மிச்சமே பனியைப் பாறையோடு அழுத்திப் பிடிக்கிறது. இந்த மிச்சம் சுருங்கச் சுருங்கப் பிடி தளர்கிறது. ஆகவே ஆய்வாளர்கள் அடியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று கேட்பதற்கு முன், துளையில் நீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று கேட்பார்கள். சுவிட்சர்லாந்தின் ஃபிண்டெலன் பனியாற்றில் அல்முட் இக்கெனும் ராபர்ட் பின்ட்ஷாட்லரும் துளைகளில் நீர்மட்டத்தையும் பனியின் வேகத்தையும் ஒருங்கே அளந்து 1986இல் வெளியிட்ட ஆய்வில், நீர்மட்டம் ஏறிய நேரங்களில் வேகமும் ஏறியது தெளிவாகத் தெரிந்தது. அதற்கு முன்பே இக்கெனும் பிறரும் ஊன்டரார் பனியாற்றில், உருகுகாலத்தின் தொடக்கத்தில் பனிப்பரப்பே சில பத்து சென்டிமீட்டர் மேலெழுவதைக் கண்டிருந்தார்கள். பனியாறு மூச்சை உள்ளிழுத்து மார்பை உயர்த்துவதுபோல.

கேள்வி: அடியில் நடப்பதை நேரில் போய்ப் பார்த்தவர்கள் உண்டா, அல்லது எல்லாம் கணக்குத்தானா?

பதில்: பார்த்தவர்கள் உண்டு. பிரான்சின் அர்ஷாந்தியேர் பனியாற்றுக்கு அடியில், நீர்மின் திட்டத்துக்காகப் பாறையில் குடைந்த சுரங்கவழியே போனால், இயற்கையாக உண்டான ஒரு பெரும் பொந்துக்குள் நுழையலாம். காலடியில் பாறை, தலைக்கு மேல் பனியின் அடிப்பரப்பு. அங்கே ஒரு கைநீளச் சட்டத்தின் நுனியில் சைக்கிள் சக்கரம் ஒன்றைப் பொருத்திப் பனிக்கூரையோடு ஒட்டி வைத்திருக்கிறார்கள். பனி நகர, சக்கரம் உருள்கிறது. அதன் சுழற்சியை ஒரு மின்கருவி பதிவு செய்கிறது. ஒரு முழுச் சுற்றுக்கு நாட்கணக்கில் ஆகும். செயற்கைக்கோள்கள் வந்துவிட்ட இந்தக் காலத்திலும், பனியின் நெளிவைக் கலக்காமல் சறுக்கலை மட்டும் தனியே அளந்து தரும் கருவிகளில் அந்தச் சக்கரத்துக்கு நிகரானவை மிகச் சில. நார்வேயில் ஸ்வார்டிசன் பனித்திரளின் ஒரு கிளையான எங்காபிரேன் பனியாற்றுக்கு அடியிலும், ஏறத்தாழ 200 மீட்டர்ப் பனிக்குக் கீழே, மின்திட்டச் சுரங்கங்களை ஒட்டி ஓர் ஆய்வுக்கூடம் இயங்கியிருக்கிறது. அங்கே சுடுநீரைப் பீய்ச்சிப் பனியில் குகை குடைந்து தளத்தை அடைவார்கள், குகையோ பனியின் அழுத்தத்தால் மெல்ல மெல்லத் தானே மூடிக்கொள்ளும்.

கேள்வி: கிரீன்லாந்தில் பனி பல இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தடிமன் உடையது. மேலே உருகும் நீர் அவ்வளவு பனியையும் துளைத்து எப்படி அடிவரை போகும்?

பதில்: தன் எடையால் பிளந்துகொண்டு போகிறது. வெறும் விரிசல் ஓரளவு ஆழத்துக்கு மேல் திறந்திருக்க முடியாது. சுற்றியுள்ள பனியின் அழுத்தம் அதை நெரித்து மூடிவிடும். அதில் நீர் நிரம்பியிருந்தால் கதை வேறு. நீர் பனியைவிட அடர்த்தி மிகுந்தது என்பதால், விரிசலின் நுனியில் அதன் அழுத்தம் பனியின் நெரிப்பைச் சமாளித்து மேலும் பிளக்கிறது. நீர் வரத்து அறாமல் இருக்கும்வரை பிளவு கீழே போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் பனிமேல் தேங்கும் ஏரிகளை ஆய்வாளர்கள் கூர்ந்து கவனிக்கிறார்கள்.

மேற்குக் கிரீன்லாந்தில் 2006 ஜூலை இறுதியில் அப்படியோர் ஏரி வடிந்ததைக் கருவிகள் நேரடியாகப் பதிவு செய்தன. பரப்பு 5.6 சதுர கிலோமீட்டர். அடியில் 980 மீட்டர்ப் பனி. ஏரி முழுவதும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் காலியாகிவிட்டது. நீர் இறங்கிய சராசரி வேகம் விநாடிக்கு 8,700 கன மீட்டர்; நயாகரா அருவியில் விழும் நீரைவிடவும் இது மிகுதி. அருகில் பனிமேல் நட்டிருந்த ஜி.பி.எஸ். கருவி அந்த நேரத்தில் 1.2 மீட்டர் மேலே உயர்ந்து, பக்கவாட்டில் 80 சென்டிமீட்டர் நகர்ந்தது. ஒரு கிலோமீட்டர் பனியை ஓர் ஏரி ஆள் இடுப்பளவுக்கு மேல் தூக்கிவிட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். ஆனால் நீர் பரவி வடிந்த பிறகு பனி மீண்டும் அமர்ந்தது. வேகமும் ஒரு நாளுக்குள் ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. இந்தப் பின்பாதியைச் செய்திகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

பிளவு உண்டான இடத்தில், பாயும் நீர் பனியை உருக்கிச் செங்குத்தான கிணறு ஒன்றை நிலைக்கச் செய்துவிடும். பிரெஞ்சில் ஆலை என்று பொருள்படும் 'மூலான்' என்ற பெயர் இவற்றுக்கு உண்டு. மேற்பரப்பு ஓடைகள் கோடை முழுதும் இக்கிணறுகளில் இரைச்சலுடன் விழுகின்றன. உள்ளே போகும் நீர் எங்கே வெளிவருகிறது என்று அறியச் சாயம் கலப்பது வழக்கம். 2008இல் நாசா ஆய்வாளர் ஒருவர் யாகோப்ஷாவ்ன் பனியாற்றுப் பகுதியில் 90 ரப்பர் வாத்துப் பொம்மைகளை ஒரு கிணற்றுக்குள் விட்டுப் பார்த்தார். அவை திரும்பி வந்ததாகச் செய்தி ஏதும் வரவில்லை.

கேள்வி: அப்படியானால் பூமி சூடேறச் சூடேற உருகுநீர் பெருகும், நீர் பெருகப் பெருகப் பனி விரையும், விரைந்த பனி இன்னும் உருகும். கிரீன்லாந்து முழுவதும் கடலுக்குள் வழுக்கிவிடாதா?

பதில்: உங்கள் தர்க்கத்தில் பிழை இல்லை. ஏறத்தாழ இதே அச்சம் ஆய்வுலகையும் 2002இல் பற்றிக்கொண்டது. கிரீன்லாந்தின் மேற்குப் பகுதியில் 'சுவிஸ் முகாம்' எனப்படும் ஆய்வுநிலையத்தில், குளிர்காலத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 31 சென்டிமீட்டராக இருந்த பனியின் வேகம் கோடை உருகலின்போது 40 சென்டிமீட்டராக ஏறியதை ஜே ஸ்வாலியும் அவருடன் பணிபுரிந்தவர்களும் அந்த ஆண்டு வெளியிட்டார்கள். பனியின் தடிமன் அங்கே ஒரு கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவு தடித்த பனிக்கு அடியிலும் கோடையின் வெப்பம் ஒரே பருவத்தில் எட்டிவிடுகிறது என்பதே அன்று பெரும் அதிர்ச்சி.

ஆனால் இந்தத் தர்க்கம் ஒன்றை மறந்துவிடுகிறது: நீர் தனக்கான வடிகாலைத் தானே வெட்டிக்கொள்ளும். கோடையின் தொடக்கத்தில் அடித்தளத்தில் சரியான வாய்க்கால்கள் இருப்பதில்லை. முன் சொன்ன பொந்துகள் இடுக்கான வழிகளால் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். அந்த இடுக்குகளில் நீர் நெருக்கியடித்துக்கொண்டு மெல்ல நகரும். மேலிருந்து புதுநீர் திடீரென்று இறங்கும்போது அது வடிந்தோட வழியின்றித் தேங்கி, அழுத்தம் எகிறி, பனியைத் தூக்குகிறது. வேகம் பிடிப்பது இந்தக் கட்டத்தில்தான். வரத்து தொடர்ந்து மிகுந்தால், ஓடும் நீரின் உராய்வு வெப்பம் இடுக்கின் பனிச்சுவர்களை உருக்கத் தொடங்குகிறது. சற்றே அகன்ற வழி சற்றே அதிக நீரை இழுக்கிறது. அதிக நீர் அதை மேலும் அகற்றுகிறது. இப்படிச் சில வழிகள் பெருத்து, சுரங்க வாய்க்கால்களாகி, சுற்றியுள்ள பொந்துகளின் நீரையெல்லாம் உறிஞ்சிக்கொள்கின்றன. ஹான்ஸ் ரோத்லிஸ்பெர்கர் 1972இல் காட்டிய விந்தை இங்கேதான் இருக்கிறது: நிலையாக ஓடும் இத்தகைய வாய்க்காலில் நீர் கூடக் கூட அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் பனி மீண்டும் பாறையில் அழுந்தி உட்கார்கிறது. கோடையின் பின்பகுதியில், மேலே உருகல் இன்னும் மும்முரமாக இருக்கும்போதே பனி மந்தமாவதற்கு இதுவே காரணம். குளிர்காலத்தில் நீர்வரத்து நின்றவுடன் பனியின் சுமை அந்த வாய்க்கால்களை நெரித்து மூடிவிடுகிறது. அடுத்த கோடையில் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். வாய்க்கால் அகலமாவதற்கு நாட்களும் வாரங்களும் ஆகும். நீர்வரத்து மாறுவதற்கோ ஒரு பிற்பகலோ ஒரு பெருமழையோ போதும். ஆகவே ஒரே சீராக மிகுதியான நீர் ஓடுவதைவிட, வரத்து ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதுதான் பனியை அதிகம் தள்ளுகிறது என்று கிறிஸ்டியன் ஷூஃப் 2010இல் கணித வழியில் நிறுவினார். நடுக்கோடையிலும் பல பனியாறுகள் பிற்பகலில் விரைந்து, இரவில் தளர்வதை நீங்கள் இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும்.

களத்தரவுகளும் இதையே சொல்கின்றன. தென்மேற்குக் கிரீன்லாந்தில் நிலத்தில் முடியும் பனிப்பகுதியைச் செயற்கைக்கோள் படங்களால் ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்று, 1985–94 ஆண்டுகளோடு ஒப்பிடும்போது 2007–14 ஆண்டுகளில் உருகுநீர் ஏறத்தாழ 50 விழுக்காடு கூடியிருந்தும், பனியின் ஆண்டுச் சராசரி வேகம் 12 விழுக்காடு குறைந்திருப்பதைக் காட்டியது. கோடையில் நன்றாக வெட்டப்பட்ட வாய்க்கால்கள் சுற்றுப்புறத் தளத்தின் நீரையும் வடித்துவிடுவதால், அடுத்துவரும் குளிர்காலத்தில் பனி வழக்கத்தைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது என்பதே இதற்குப் பலரும் ஏற்கும் விளக்கம். பனி மெலிந்துபோனதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதைக் கேட்டுவிட்டு, 'அப்படியானால் கவலை இல்லை' என்று முடிவு கட்டவும் கூடாது. உருகி ஓடிய நீர் உருகி ஓடியதுதான்; பனி மெதுவாக நகர்வதால் அது திரும்பி வராது. மேலும் நான் சொன்னது நிலத்தில் முடியும் பனியைப் பற்றி. கடலில் இறங்கும் பெரும் பனியாறுகளின் விரைவுக்குக் கடல்நீரும் முகப்பு உடைவதுமே முதன்மைக் காரணங்கள். அங்கேயும் அடிநீருக்குப் பங்குண்டு, ஆனால் வேறு விதமாக: பனியாற்றின் முகப்புக்கு அடியில், கடல்மட்டத்துக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் கீழே வெளிப்படும் நன்னீர், உப்புநீரைவிட இலேசானது என்பதால் முகப்பை ஒட்டிக் குமுறிக்கொண்டு மேலெழுகிறது, எழும்போது வெதுவெதுப்பான கடல்நீரைத் தன்னோடு இழுத்துப் பனிச்சுவரை அரிக்கிறது.

கேள்வி: அண்டார்க்டிகாவில் மேற்பரப்பு அவ்வளவாக உருகுவதில்லையே. அங்கேயும் இந்தக் கதை பொருந்துமா?

பதில்: பொருந்தும், மேலிருந்து வரும் கோடைநீர்தான் அங்கே இல்லை. அங்குள்ள அடிநீர் ஏறத்தாழ முழுவதும் பூமியின் வெப்பமும் உராய்வும் உருக்கியது. அது தேங்கி உண்டான ஏரிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. மிகப் பெரியதான வோஸ்டோக் ஏரி, கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர்ப் பனிக்கு அடியில் 250 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது.

மேற்கு அண்டார்க்டிகாவில் வில்லன்ஸ் என்ற பனியோட்டம், அதாவது பனிவிரிப்புக்குள்ளேயே ஆறுபோல விரைந்து நகரும் பனிப்பட்டை, ஒன்று உண்டு. அதன் சரிவு மிகமிகக் குறைவு. அப்படியிருந்தும் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் நகர்கிறது. அடியில் நீர் ஊறிய சேற்றுப்படலம் இருப்பதை 1986இல் நில அதிர்வு அலைகளைக் கொண்டு கண்டறிந்தார்கள். இந்தப் பனியோட்டத்தின் நடையே விசித்திரமானது: பல மணி நேரம் ஏறக்குறைய அசையாமல் கிடந்து, பிறகு அரை மணி நேரத்தில் அரை மீட்டர் வரை நழுவுகிறது. நாளுக்கு இருமுறை, ராஸ் கடலின் ஓதத்தோடு ஒத்திசைந்து இது நிகழ்கிறது. அதன் பக்கத்திலேயே கம்ப் என்ற பனியோட்டம். இதுவும் ஒருகாலத்தில் விரைந்து ஓடியதுதான். ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன் நின்றுபோயிற்று. நின்ற காலத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. விரைந்து நகரும் பனியின் விளிம்பில் பிளவுகள் உண்டாகும். நகர்வு நின்றபின் புதிய பிளவுகள் தோன்றாமல், பழையவற்றின் மீது ஆண்டுதோறும் பனி பெய்து மூடும். ரேடாரில் தெரியும் அந்தப் புதைந்த பிளவுகளின் மேல் எவ்வளவு பனி சேர்ந்திருக்கிறது என்று கணக்கிட்டார்கள். அடியிலிருந்த நீர் பக்கத்துப் பனியோட்டத்தின் பக்கம் திசைமாறியது, மிஞ்சிய நீர் உறைந்து சேறு இறுகியது என்ற இரண்டு விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன.

கேள்வி: சில பனியாறுகள் திடீரென்று 'பாய்கின்றன' என்கிறார்களே, அதுவும் நீரின் வேலையா?

பதில்: பெரும்பாலும் ஆம். அலாஸ்காவின் வேரியகேட்டட் பனியாறு 1982–83இல் பாய்ந்தபோது அதன் உச்ச வேகம் நாளொன்றுக்கு 60 மீட்டரைத் தாண்டியது; வழக்கமான நாட்களில் அது ஒரு மீட்டரைக்கூட எட்டாது. பாய்ச்சலின்போது மேற்பகுதியில் கலந்த சாயம் அடியில் பல கிலோமீட்டரைக் கடந்து வெளிவர நாட்கணக்கில் ஆயிற்று. 1983 ஜூலையில் கலங்கல் நீர் வெள்ளமாகப் பீறிட்டு வெளியேறியது. பாய்ச்சலும் சட்டென்று அடங்கியது. அதன்பின் கலந்த சாயமோ சில மணி நேரத்திலேயே வெளியே வந்துவிட்டது. பொந்துகளில் அடைபட்டுக் கிடந்த நீர், வாய்க்கால் திறந்ததும் ஓடிப்போன கதையை அந்தச் சாயம் சொல்லிவிட்டது.

காரகோரம் மலைத்தொடரில் இத்தகைய பனியாறுகள் பல. ஹுன்சா பகுதியின் ஷிஸ்பர் பனியாறு 2018 முதல் முன்னேறிப் பக்கத்துப் பள்ளத்தாக்கின் ஓடையை மறித்து ஏரியாக்கியது. 2022 மே மாதம் அந்த ஏரி உடைந்த வெள்ளத்தில் காரகோரம் நெடுஞ்சாலையின் ஹசனாபாத் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. மற்றபடி, இமயத்திலும் அதைச் சூழ்ந்த மலைகளிலும் பெரும்பாலான பனியாறுகள் இந்த நூற்றாண்டில் மெதுவாகியே வருகின்றன என்பதைக் குறிப்பிட வேண்டும். அடிநீர் எவ்வளவு உதவினாலும், பனி மெலிந்துவிட்டால் தள்ளுவதற்கு எடை இல்லை.

கேள்வி: முழுப் பனியாறே பாறையை விட்டுக் கழன்று விழக்கூடுமா?

பதில்: விழுந்திருக்கிறது. திபெத்தின் ஆரு மலைத்தொடரில் 2016 ஜூலை 17 அன்று ஒரு பனியாற்றின் கீழ்ப்பகுதி முழுவதும் கழன்று, 6 கோடி கன மீட்டருக்கும் மேற்பட்ட பனியும் மண்ணுமாகப் பள்ளத்தாக்கில் பாய்ந்ததில் ஒன்பது மேய்ப்பர்கள் இறந்தார்கள். செப்டம்பரில் அதன் பக்கத்துப் பனியாறும் அப்படியே விழுந்தது. செங்குத்தான மலைமுகத்தில் தொங்கும் பனி உடைந்து விழுவது எங்கும் நடப்பதுதான். இங்கே சரிவு அவ்வளவு செங்குத்தானதே அல்ல என்பதால்தான் ஆய்வாளர்கள் திகைத்தார்கள். மழையும் உருகுநீரும் உள்ளே புகுந்தன. தளம் மிக நுண்ணிய மண்ணாலானது. பனியாற்றின் நுனியும் ஓரங்களும் தரையோடு உறைந்திருந்ததால் நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளே தேங்கியது. உறைந்த விளிம்பு அணைபோலப் பிடித்திருந்தவரை பிடித்திருந்து, பிறகு விட்டுவிட்டது.

சுவிட்சர்லாந்தில் 1965 ஆகஸ்ட் 30 அன்று ஆலலின் பனியாற்றின் நுனி உடைந்து, கீழே மாட்மார்க் அணை கட்டிக்கொண்டிருந்த 88 பேரைப் புதைத்தது. அந்தப் பனியாறு அப்போது அடிச்சறுக்கல் மிகுந்த ஒரு கட்டத்தில் இருந்தது.

கேள்வி: அடியில் நீரே இல்லாத பனியாறு எப்படியிருக்கும்?

பதில்: தரையோடு ஒட்டிக் கிடக்கும். சறுக்கல் ஏறக்குறைய இராது. நெளிவு மட்டுமே இருக்கும். சறுக்காத பனி தன் தளத்தை அரைப்பதும் இல்லை. வடமேற்குக் கிரீன்லாந்தின் கேம்ப் செஞ்சுரி முகாமில் 1966இல் அமெரிக்கர்கள் ஏறத்தாழ 1,390 மீட்டர்ப் பனியைத் துளைத்து அடியை எட்டியபோது, அங்கே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 13 டிகிரி. துளையின் கடைசியில் மூன்றரை மீட்டர் அளவுக்கு உறைந்த மண்ணும் வந்தது. பல பத்தாண்டுகள் உறைபெட்டிகளில் மறந்துகிடந்த அந்த மண்ணை மீண்டும் எடுத்துக் கழுவிப் பார்த்தவர்களுக்குச் சின்னஞ்சிறு குச்சிகளும் இலைத்துணுக்குகளும் பாசியும் கிடைத்தன. பனி வருவதற்கு முன் அங்கே வளர்ந்த செடிகளின் மிச்சங்கள் அவை.